போனை முதலில் வைப்பவர்

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து ஓங்கி ஒரு உதறு உதறி, நெருங்கி வந்து தன் முனைகளை எதிராளியின் கையில் ஒப்படைத்துவிட்டுக் குனிந்து, தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி விலக வேண்டும். மருத்துவமனையின் கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில் ஒரு நாளைக்கு நானூறு விரிப்புகள். அன்று கடைக்காரர் அறுபதாவதையோ எழுபதாவதையோ உதறிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் தன் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். முழு ஆளாக வெளியே வந்தால் வேலை விஷயம். தலை மட்டும் வந்தால் போன்.

“உங்களுக்குத்தான். ஒரே வாரத்துல மூணாவது தடவை.”

கடைக்காரர் தன் பக்கத்து முனைகளை எதிரில் நின்றவரிடம் கொடுத்தார். அந்த ஆள் நான்கு முனைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு பேருந்துக்கு நிற்பவர் மாதிரி நின்றார். பாவம், இதுவும் அவருக்குப் பழகிப்போய்விட்டது.

கடை போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் தெருவிலும் வேலை செய்யும் இடத்திலும் எல்லோருக்கும் அவர் கடைக்காரர்தான். கேலியாகத் தொடங்கிய பெயரா, மரியாதையாகத் தொடங்கிய பெயரா என்று அவரும் ஆராயவில்லை. அழைத்தால் திரும்பிப் பார்த்தார்.

“வணக்கம் சார்,” என்றது போனில் ஒரு பெண் குரல். ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். “உங்க பேர்ல நிலுவையில இருக்கிற தொகை சம்பந்தமா பேசறேன்.”

“அம்மா, அந்தக் கடன கோர்ட்டே தள்ளுபடி பண்ணி பதினோரு மாசம் ஆச்சு. உங்க ஆபீசுக்கு ரெண்டு தடவ பேப்பர் அனுப்பியாச்சு.”

“எங்க சிஸ்டத்துல அப்படி ஒண்ணும் இல்லையே சார்.”

“வேலை செய்யற எடத்துக்குப் போன் பண்ணாதீங்கம்மா.”

“வாங்கினத மறந்துட்டு கோர்ட்டுக்குப் பின்னால போய் நின்னுட்டா ஆச்சா சார்? உங்கள நம்பினவங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?”

அவள் கத்தவில்லை. கத்துகிறவர்களைக் கடைக்காரருக்குப் பழக்கமுண்டு. காதிலிருந்து போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டால் போதும். இவள் பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கும் பிள்ளை மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படியான கேள்வியைக் கேட்டாள். “சரிம்மா,” என்றார். அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. போன் மட்டும் உயிரோடு இருந்தது. பின்னால் யார் யாரோ யாரையோ கேட்டுக்கொண்டிருக்கும் இரைச்சல்.

“பேசி முடிச்சாச்சுல்ல? வைங்க,” என்றார் சூப்பர்வைசர். வைத்தார்.

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் அல்ல. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா இது ஆஸ்பத்திரி போன். மேல இருக்கறவங்க என்னைக் கேக்கறாங்க. இன்னொரு தடவ வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அவ்வளவுதான்.”

ஐம்பத்தாறு வயதில் ஒருவனை மறுபடி யார் வேலைக்கு எடுப்பார்கள்? இந்த வேலைக்கே மூன்று மாதம் நடையாய் நடந்திருந்தார்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வருடம் நடந்த சலவைக் கடை. இரண்டு பெரிய ஹோட்டல்களின் துணி மொத்தமும் வந்துகொண்டிருந்த தைரியத்தில் கடன் வாங்கி ஒரு பெரிய நீராவி இயந்திரத்தை இறக்கினார். இயந்திரம் வந்த ஆறாம் மாதம், இரண்டு ஹோட்டல்களும் பேசி வைத்துக்கொண்டதைப் போல, தங்கள் துணியைத் தாங்களே துவைத்துக்கொள்வதென்று முடிவு செய்தன. அப்புறம் வட்டி, வட்டிக்கு வட்டி, சோப்புக்காரருக்குப் பாக்கி, மின்சாரத்துக்குப் பாக்கி. கடைசியில் கோர்ட், திவால் தீர்ப்பு. ஊர் வாய் அதை மஞ்சக் கடுதாசி என்றது. உண்மையில் அது வெள்ளைத்தாள்தான், முப்பத்தொரு பக்கம். அவருடைய மனைவி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். வேறெதுவும் மிஞ்சாத வீட்டில் அதுதான் சொத்துப் பத்திரம்.

தீர்ப்பு வந்த அன்று இரண்டு பேரும் பகலிலேயே படுத்துத் தூங்கினார்கள். ஒரு வாரம் நிம்மதி. பிறகு, செத்துப்போன கடன் போனில் பேச ஆரம்பித்தது. கடன் கொடுத்த கம்பெனி அதை வேறொரு வசூல் ஆபீசுக்குச் சல்லிசாக விற்றிருந்தது. அவர்களுக்குக் கோர்ட்டும் தெரியாது, தீர்ப்பும் தெரியாது. தெரியாததுபோல இருப்பதுதான் அவர்கள் தொழிலே என்றாள் வக்கீலம்மா.

வக்கீலம்மா காசு வாங்காமல் வாதாடியவள். அதனால் திட்டுவதற்கு உரிமை எடுத்துக்கொள்வாள். “ஒரு பைசா குடுத்துடாதீங்க. குடுத்தா பழைய கடன ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எல்லாம் பதிவாகுது. ‘குடுக்கணும்’ங்கற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது, புரியுதா?” என்றாள். அன்று வேலை முடிந்து நேராக அவளிடம் போனபோது இரண்டு பக்கப் புகார்ப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். தேதி, நேரம், பேசியவர் பெயர், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பேசியது என்ன. “இத போட்டுட்டா அபராதம் தீட்டிடுவாங்க. பேசின ஆள வேலைய விட்டுத் தூக்கிட்டு, எங்களுக்குத் தெரியாம பண்ணிட்டாங்கன்னு ஆபீஸ் தப்பிச்சுக்கும். எப்படியோ உங்களுக்குப் போன் வர்றது நிக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க.”

அன்று சாயங்காலம் படிவத்தை மேசையில் விரித்துக்கொண்டு மனைவி உட்கார்ந்தாள். எழுத்து வேலை எல்லாம் அவளுடையது. கடை இருந்த காலத்தில் பில் புத்தகத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். இப்போது அக்கம்பக்கத்துக்காரர்களின் துணிகளை வாங்கி, நீளத்தைக் குறைத்து, இடுப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள்.

“மொதல்ல என்ன சொன்னா?”

“வணக்கம் சொன்னா. பேரு சொன்னா.”

“மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல,” என்று முனகியபடி எழுதினாள். “அப்புறம்?”

அவர் சொல்லச் சொல்ல, டிக்டேஷன் எழுதும் பிள்ளைபோல அவள் எழுதிக்கொண்டே போனாள். கடைசி வரிக்கு வந்தார்கள்.

“நான் சரின்னேன். அவ போன வைக்கல. அப்புறம் நான் வெச்சேன்.”

“அவ எப்பவுமே வைக்க மாட்டா. நான் எடுத்தப்பவும் அப்படித்தான். வாய்க்கு வந்ததெல்லாம் திட்டி முடிச்சு, நானா வைக்கிற வரைக்கும் லைன்லயே இருப்பா. நம்ம கடையில மாதிரி…”

பேனா நின்றுவிட்டது.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. வாடிக்கையாளர் போனை வைத்த பிறகுதான் கடையில் இருப்பவர்கள் வைக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒருவர் தன் கோட்டைப் பற்றிப் பேசிவிட்டு, “இன்னொண்ணு,” என்று இழுப்பதற்குள் இவர் அவசரப்பட்டு வைத்துவிட்டார். அந்த இன்னொன்று, கோட்டின் உள்பக்கம் மை கொட்டியிருக்கிறது என்பது. வெந்நீரில் போட்டதும் மை கோட்டு முழுக்கப் பரவிப் பாழாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சட்டம். கடையில் அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தவள் ஒருத்திதான். பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் முன்மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துணியிலும் எண் போட்ட சீட்டைக் குத்தி அனுப்பியவள். அதனால் டோக்கன் என்று பெயர். இஸ்திரி போடும் இரண்டு பேரும் வைத்த பெயர். கடைசியில் அவளே போனை எடுத்து “டோக்கன் பேசறேன்,” என்று சொல்லுமளவுக்கு ஒட்டிக்கொண்டது.

“போன் நம்பர ரெண்டு ரெண்டா பிரிச்சு வாசிப்பா,” என்றாள் மனைவி மெதுவாக. “வாசிச்சிட்டு, சரிபாத்துக்கிட்டேன்னு சொல்வா.”

“ஆமா.”

“இவளும் அப்படித்தான் வாசிக்கறா.”

“ஆமா.”

குரல் எப்படித் தெரியாமல் போனது என்று நமக்குத் தோன்றும். கடையில் அவள் குரல் சிரித்துக்கொண்டே இருக்கும் குரல். சிரிப்பை எடுத்துவிட்டால் மனிதர்களின் குரல் அடையாளம் மாறிவிடுகிறது.

மனைவிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “நம்ம பேரு தெரியாதா அவளுக்கு? நம்பர் தெரியாதா? தெரிஞ்சேதான கூப்பிட்டிருக்கா! ஒம்பது வருஷம் என் கையால சாப்பிட்டவ. பேரு எழுதற எடம் இருக்கு இங்க. எழுதிடறேன். அவ சொல்ற பொய்ப் பேரையே எழுதறேன், நமக்கென்ன?”

“எழுதாத.”

“ஏன்? சம்பள பாக்கி இருக்குன்னா? எல்லாருக்கும்தான் இருந்துச்சு. அந்த ரெண்டு பேருக்கும் மெஷின் வித்த காசுலதான வந்துச்சு? இவளுக்கும் வந்திருக்கும்.”

“வரல.”

இதை அவர் எட்டு மாதமாக மனைவியிடம் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் இப்போது சொன்னார்.

கோர்ட்டுக்கு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, அவர்கள் பெயர், முகவரி. மொத்தம் பதினேழு பேர். கடன் கம்பெனி முதல் பெயர். ஹேங்கர் கொடுத்தவர்கூட இருந்தார். இஸ்திரிக்காரர்கள் இரண்டு பேரும் பதினைந்தும் பதினாறும். அவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பிக் கொடுத்துப் பழக்கம் என்பதால் முகவரி மனப்பாடம். பதினேழாவது பெயரை எழுதிவிட்டு, முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. ஆயிரத்துச் சொச்சம் வாடிக்கையாளர்களின் வீட்டு எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். காலையில் எட்டரைக்கு வந்து மாலை ஏழுக்குப் போகிற பெண் எந்தத் திசையிலிருந்து வருகிறாள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டிருக்கலாம். கடையை மூடுகிற வாரத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று கடையின் முகவரியையே எழுதிவிட்டார். பிறகு மறந்துபோனார்.

கோர்ட் அனுப்பிய தபால் பூட்டிய கடைக்குப் போய்த் திரும்பி வந்தது. இயந்திரங்களை விற்ற பணத்தில் வேலைக்காரர்களுக்குத்தான் முதல் பங்கு. தொண்ணூறு நாளுக்குள் கேட்டு வரவேண்டும். இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். கேட்க ஆளில்லாத பங்கு, வரிசையில் அடுத்து நின்ற கடன் கம்பெனிக்குப் போனது. வழக்குக் கட்டு முழுவதையும் வக்கீலம்மா திருப்பிக் கொடுத்தபோதுதான் அந்தத் தபால் உறையைப் பார்த்தார். அவளைத் தேடினார். இரண்டு நாள் தேடினார் என்று சொல்வதுதான் நியாயம். பழைய எண்ணுக்குப் போட்டால் வேறு யாரோ எடுத்தார்கள். இஸ்திரிக்காரர்களுக்கும் தெரியவில்லை. அதோடு விட்டுவிட்டார். கடையின் ஷட்டரை இழுத்துவிட்ட அன்று, “யாருக்குக் குடுக்காட்டியும் உன் காசு உன் வீடு தேடி வரும்,” என்று அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

மனைவி பேனாவை மூடி வைத்தாள்.

“ஒம்பது வருஷம் நமக்கு வேலை பாத்த பொண்ணு எங்க குடியிருக்கான்னு தெரியாதா உங்களுக்கு?”

“உனக்குத் தெரியுமா?”

அவள் படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பெயர் எழுதும் கட்டம் காலியாகவே இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் அவர் விரிப்புகளை மடித்தபடி அந்த ஒரு கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள நம்பினவங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? அச்சடித்துக் கொடுத்த வரி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். எல்லா வசூல்காரர்களும் ஒரே தாளைத்தான் பார்த்து வாசிப்பார்கள். ஆனால் அந்த வரி தாளில் இருந்ததா, அவளே சொன்னதா? அவருடைய கணக்கை அவள் தலையில் கட்டினார்களா, அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாளா? படிவத்தைக் கொடுத்தால் அவருடைய வேலை தப்பும், அவளுடைய வேலை போகும். கொடுக்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன் வரும், இவருடையது போகும். ஒருத்தியின் இரண்டு மாதச் சம்பளத்தை அழித்தது போதாதென்று மீதியையும் அழிக்க வேண்டுமா என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. நீராவி முகத்தில் அடிக்கும் இடம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. பதினொரு மணிக்குச் செல்போன் அடித்தது. மனைவி தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். மேசையில் படிவம் இருந்தது. நாளைக்குக் கடைசி நாள்.

“வணக்கம் சார்,” என்றாள். அவளுடையதல்லாத அந்தப் பெயரைச் சொன்னாள். எண்ணை இரண்டு இரண்டாகப் பிரித்து வாசித்தாள். “சரிபாத்துக்கிட்டேன் சார். நிலுவைத் தொகை சம்பந்தமா…”

“டோக்கனு.”

பின்னாலிருந்த இரைச்சல் அப்படியே இருந்தது. அவள் மட்டும் இல்லாமல் போய்விட்டதுபோல இருந்தது. பிறகு, தாளில் இல்லாத வேகத்தில் சொன்னாள்.

“இந்தக் கால் பதிவாகுது சார். ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகுது.”

எச்சரிக்கிறாளா, மிரட்டுகிறாளா? இரண்டுக்கும் அதே சொற்கள்தான்.

“பதிவாகட்டும்மா. நான் சொல்றத மட்டும் கேளு. அப்புறம் உன் ஆபீஸ் என்ன கேக்கச் சொல்லுதோ கேளு.” நின்றுகொண்டே பேசினார். கடையிலும் நின்றுகொண்டுதான் பேசுவார். “கோர்ட்டுக்கு ஒரு பட்டியல் எழுதிக் குடுத்தேன். பதினேழாவது உன் பேரு. ரெண்டு மாச சம்பளம். உன்னை நான் விட்டுடல, எழுதினேன். ஆனா உன் அட்ரஸ் எனக்குத் தெரியல. கடை அட்ரஸப் போட்டுட்டேன். மெஷின வித்த காசுல உனக்குப் பங்கு இருந்துச்சு. தபால் பூட்டின கடைக்குப் போய்த் திரும்பிடுச்சு. நீ வரலன்னு உன் பங்க அந்தக் கம்பெனிக்கே குடுத்துட்டாங்க. நீ இப்ப எந்தக் கடனக் கேக்கறியோ, அந்தக் கம்பெனிக்கு.”

எத்தனை நாளாய்ப் பயந்த பேச்சு, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“மத்த ரெண்டு பேருக்கும்?” என்று கேட்டாள்.

“வந்துடுச்சும்மா.”

“ரெண்டு பேருக்குமா?”

“ரெண்டு பேருக்கும்.”

மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு பழைய, சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்ட குரல் திரும்பியது. “அது இந்தக் கணக்குல வராது சார்.”

“வராது. எனக்குத் தெரியும். எந்தக் கணக்குலயும் வராது, அத கோர்ட்டும் அழிச்சிடுச்சு.” மனைவி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுக்கும் வக்கீலம்மா சொன்னது நினைவிருந்தது. அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “ஆனா உனக்கு நான் குடுக்கணும்மா. குடுக்கணும்.”

சொல்லியாயிற்று. மனைவி கண்களை மூடிக்கொண்டாள். அந்த வார்த்தையை வெட்டி எடுத்து வேறு எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அவர்களுக்கு அது போதும். அவருக்கும் தெரிந்திருந்தது. எங்கோ ஒரு பெட்டியில் அந்தச் சொல் இந்நேரம் போய் உட்கார்ந்திருக்கும்.

“உன் அட்ரஸ சொல்லு. எழுதிக்கறேன்.”

புகார்ப் படிவத்தைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மனைவி ஒரு கணம் தயங்கிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள்.

பதில் இல்லை. அவளும் வைக்கவில்லை, இவரும் வைக்கவில்லை. எங்கோ ஒருவன் யாரையோ கடைசித் தடவை என்று மிரட்டிக்கொண்டிருந்தான். நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம்.

“லைன்ல இருங்க சார்,” என்றாள்.

உடனே ஒரு பாட்டு ஒலிக்க ஆரம்பித்தது. பாட்டென்றுகூடச் சொல்ல முடியாது. சொற்களில்லாத, துள்ளலான ஒரு மெட்டு. காத்திருப்பவர்கள் சலித்துப்போகாமல் இருப்பதற்காக யாரோ போட்டு வைத்தது.

“என்ன சொல்றா?” என்று மனைவி கிசுகிசுத்தாள்.

“லைன்ல இருக்கச் சொன்னா.”

“அவ மேனேஜரைக் கூப்பிடப் போயிருப்பா. வெச்சிடுங்க. இப்பவே வெச்சிடுங்க.”

“இருக்கலாம்,” என்றார்.

கடையில் அவள் யாரையாவது லைனில் இருக்கச் சொன்னால், உள்ளே போய் அந்தத் துணி எந்தக் குவியலில் இருந்தாலும் தேடி எடுத்துக்கொண்டுதான் திரும்பி வருவாள். ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. மனைவி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளின் இரண்டு ஓரங்களையும் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மெட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. முனை தொட்ட இடத்தில் மை மெல்ல ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.